பெருந்தொற்றுக் காலத்திலும் தடுப்பூசித் தவணை தவறாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

கொரோனா காலத்தில், தவணை தவறிய குழந்தைகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் வேலையைச் சில மாதங்கள் செய்தேன். "ஊசிக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டால் "பயமா இருக்கு" என்று சொன்னவர்கள் குறைவு. "ரெண்டு தவணை விட்டுப்போச்சு, இனிமே எங்கே தொடங்குறதுன்னு தெரியலை" என்றவர்களே அதிகம். இப்போது போய் நின்றால் திட்டுவார்களோ என்ற கூச்சம் வேறு.

ஒரு விதி மனதில் பதிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். தவணைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுவிட்டால், முன்பு போட்ட ஊசி வீணாவதில்லை. குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போட்டால்தான் வீணாகும். ஆகவே கடந்துபோன தேதிகளை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. எந்த ஊசிக்கான வயது வரம்பு முதலில் முடியப்போகிறது என்று பார்ப்பதே உடனடி வேலை. கீழே உள்ள வரிசை அதை வைத்து அமைந்தது. எந்த வயதில் எந்த ஊசி என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. நின்றது எது, நடப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார அமைப்பு, கூட்டம் கூடும் பெரிய தடுப்பூசி முகாம்களைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. மையங்களில் நடக்கும் வழக்கமான தடுப்பூசிப் பணியை, முடிந்த இடங்களில் எல்லாம் தொடரவே சொன்னது. ஆனால் "முகாம் ரத்து" என்ற செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது "ஊசியே ரத்து" என்று மாறிவிட்டது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை.

பள்ளியில் போடும் ஊசிகள் மட்டும் உண்மையாகவே நின்றுபோகும். பள்ளி மூடினால் அங்கே போடும் எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) ஊசியும் ரண ஜன்னி பூஸ்டரும் விட்டுப்போகும். பள்ளியிலிருந்து தகவல் வரும் என்று காத்திருக்காமல், மையத்தில் கேட்டு அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். எச்பிவி விஷயத்தில் பல நாட்டு அட்டவணைகளில், 15 வயதுக்கு முன் தொடங்கினால் தவணைகள் குறைவு. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் கூடுதல் ஊசி குத்திக்கொள்ள வேண்டி வரலாம்.

2. அட்டையைத் தேடி எடுத்துப் படம் பிடியுங்கள்

தடுப்பூசி அட்டை கையில் இல்லாமல் தொலைபேசியை எடுக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "கடைசி ஊசி என்றைக்குப் போட்டீர்கள்?" என்பதுதான். "ஏதோ மழைக்காலத்தில்" என்ற பதிலை வைத்துக்கொண்டு யாராலும் கணக்குப் போட முடியாது.

எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்து தனி அறைக்குப் போய்விட்டால் அட்டையும் அந்த அறையிலேயே மாட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரிந்து மூன்று வீடுகளில் நடந்தது.

அட்டை தொலைந்துவிட்டதா? பிறந்த மருத்துவமனை, ஊசி போட்ட மையம், பள்ளிச் சேர்க்கையின்போது கொடுத்த நகல், இந்த மூன்றிலும் கேளுங்கள். எங்கும் இல்லை என்றால், ஆதாரம் இல்லாத தவணையைப் போடாததாகவே எடுத்துக்கொண்டு மருத்துவர் திரும்பப் போடச் சொல்வார். தட்டம்மை, போலியோ போன்றவற்றில் ஒரு தவணை கூடுதலாகப் போனால் தீங்கில்லை. ரண ஜன்னி ஊசி அடிக்கடி போட்டால் மட்டும் கை நன்றாக வீங்கும் வாய்ப்பு உண்டு. அதனால் "இது சமீபத்தில் போட்ட ஞாபகம்" என்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள்

போட்டவை தேதியோடு, தவறியவை, இனி வரவேண்டியவை. குழந்தையின் வயதை ஒரு வயது வரை வாரக் கணக்கிலும் எழுதுங்கள். சின்னக் குழந்தைகளுக்கான வரம்புகள் பல வாரத்தில்தான் சொல்லப்படுகின்றன. "மூணு மாசம் முடிஞ்சு கொஞ்ச நாள்" என்பது 13 வாரமாகவும் இருக்கலாம், 16 வாரமாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்தில் ஒரு ஊசியே கைவிட்டுப் போகலாம்.

இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் கூட்டு ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று), ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஒரு பாக்டீரியா) ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுவது உண்டு. அட்டையில் அது ஒரே ஒரு கட்டமாக இருக்கும். "ஹெபடைடிஸ் பி போடவே இல்லை" என்று பதறி அழைத்த பலருடைய அட்டையில் அது இந்தக் கூட்டு ஊசிக்குள்ளேயே இருந்தது. ஊசியின் பெயரை அப்படியே எழுதாமல், அது தடுக்கும் நோய்களின் பெயரை எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

4. வயது வரம்பு முடியப்போவதை முதலில் வட்டமிடுங்கள்

புதிதாக இதைச் செய்பவர்கள் அட்டையை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் தவறியதை முதலில் போட வேண்டும் என்று நினைப்பார்கள். அந்த வரிசை தவறு. சில ஊசிகள் எவ்வளவு நாள் கழித்தும் போடக் காத்திருக்கும். சில காத்திருக்காது.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து காத்திருக்கவே இருக்காது. சில நாடுகளில் முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். வேறு சில நாடுகளில் வரம்பு இதைவிடத் தளர்வு. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிதான பக்கவிளைவைக் கருதித்தான் இந்த வரம்பு. அது இயல்பாகவே கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கு அதிகமாக வருவது. இந்த வரம்பைத் தாண்டிவிட்டால் "பரவாயில்லை, போடுங்கள்" என்று யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

பிறந்த உடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு நேரம் இன்னும் குறுகல். முதல் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்று போவதைத் தடுக்கத்தான் அது. பெருந்தொற்றுக் காலத்தில் தாயையும் குழந்தையையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே கிளம்பும் முன் "பிறந்த உடன் போட வேண்டியவை எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். காசநோய்க்கான பிசிஜி ஊசிக்கும் பல நாடுகளில் வயது வரம்பு உண்டு.

ஹிப், நிமோகாக்கல் (நிமோனியா தரும் இன்னொரு பாக்டீரியாவுக்கானது) ஊசிகள் ஆரோக்கியமான குழந்தைக்கு ஐந்து வயதுக்குமேல் பொதுவாகத் தேவைப்படாது. ஏழு வயது ஆகிவிட்டால் சின்னக் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்ந்தது) கிடையாது. தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு குறைந்த வேறு ஊசிக்கு மாற வேண்டும்.

வயது வரம்புக்கு அடுத்தபடி, நோயின் வேகம். இங்கே முதலிடம் தட்டம்மைக்கு. நோயெதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது அது. நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கும். சமூகத்தில் சுமார் 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அடங்கும். ஊரடங்கு முடிந்து குழந்தைகள் மறுபடி ஒன்றுகூடும்போது முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இதுதான். அடுத்து கக்குவான் இருமல். கைக்குழந்தைக்கு அது மூச்சையே நிறுத்திவிடும் அபாயம் உண்டு.

5. இடைவெளிக் கணக்கைப் போடுங்கள்

இடைவெளி எவ்வளவு நீண்டிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாய்வழி டைபாய்டு மருந்து போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு மட்டுமே. முத்தடுப்பு ஊசியின் முதல் தவணை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தாலும், அடுத்துப் போடுவது இரண்டாம் தவணையே. உடலின் நினைவு அவ்வளவு சீக்கிரம் அழியாது. அடுத்த தவணை அதைத் தட்டி எழுப்பிவிடும். "முதல்ல இருந்து தொடங்கணும்" என்று யாராவது சொன்னால், எதற்காக என்று ஒரு முறை கேளுங்கள்.

ஆனால் விட்டதை எல்லாம் ஒரே மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்ற வேகமும் ஆகாது. நான் பார்த்தவரை, இரண்டாவது பெரிய தவறு இதுதான். முத்தடுப்பு ஊசியின் முதல் மூன்று தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அதன் மூன்றாம் தவணைக்கும் முதல் பூஸ்டருக்கும் நடுவே ஆறு மாதம். தட்டம்மை அடங்கிய ஊசி இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள். இதற்கும் முன்னால் போட்டால் முந்தைய தவணை தந்த எதிர்ப்பே அடுத்ததை மழுங்கடித்துவிடும்.

வெவ்வேறு ஊசிகளை ஒரே நாளில் போடலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். போடலாம். பெருந்தொற்றுக் காலத்தில் அப்படிப் போடுவதே மேல். மூன்று முறை போக வேண்டிய இடத்துக்கு ஒரு முறை போனால் போதுமே. ஒரே தொடையில் இரண்டு ஊசி என்றால் நடுவில் ஓர் அங்குலம் விட்டுப் போடுவார்கள்.

வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. தட்டம்மையும் சின்னம்மையும் இந்த வகை. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் 28 நாள் விட வேண்டும். நடுவில் பத்தாம் நாள் போட்டால் இரண்டாவதாகப் போட்டது கணக்கில் சேராது. போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளுக்கு இந்த நிபந்தனை இல்லை.

6. தள்ளிப்போட வேண்டிய காரணத்தையும் தேவையற்ற காரணத்தையும் பிரியுங்கள்

லேசான சளி, மூக்கொழுகல், ஆண்டிபயாட்டிக் மருந்து சாப்பிடுவது, குறைமாதத்தில் பிறந்தது, இவை எதுவும் வழக்கமாகத் தடை ஆகாது. ஆனால் பெருந்தொற்றின்போது லேசான சளியே தொற்றாக இருக்கலாம். மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க, போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கோ கூட வருபவருக்கோ தொற்று உறுதியானால், தனிமைக் காலம் முடிந்த மறுநாளே போகும்படி தேதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் சரியானதும் பார்க்கலாம்" என்று விட்டால் அது ஆறு மாதமாகிவிடும்.

முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத்திணறியிருந்தால் அது உண்மையான தடை. நோயெதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உயிருள்ள கிருமி ஊசி கூடாது.

அடுத்தது பலரும் சொல்ல மறந்துபோவது: தொற்றுக்குச் சிகிச்சையாக எடுத்த மருந்து. கோவிட் வந்து சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்குப் பல உறுப்புகளில் அழற்சி வந்தது. அதற்கு இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள்) ஏற்றினார்கள். ஏற்றிய அளவைப் பொறுத்து, தட்டம்மை, சின்னம்மை ஊசிகளுக்கு 11 மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். ஏற்றப்பட்ட எதிர்ப்புப் பொருளே ஊசியிலுள்ள கிருமியை அடக்கி, ஊசியைப் பயனற்றதாக்கிவிடும். அதிக அளவு ஸ்டீராய்டை இரண்டு வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்டிருந்தால், உயிருள்ள கிருமி ஊசிக்குக் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும்போது தந்த சுருக்கச் சீட்டையும் அட்டையோடு எடுத்துப் போங்கள்.

பெருந்தொற்றுக்கான ஊசிக்கும் வழக்கமான ஊசிக்கும் நடுவே எத்தனை நாள் என்பதை அன்றைய விதிப்படி கேட்டுக்கொள்ளுங்கள். கோவிட் ஊசி வந்த புதிதில் 14 நாள் விடச் சொன்னார்கள். 2021-இலேயே பல நாடுகள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டன. பக்கத்து வீட்டார் ஆறு மாதம் முன்பு கேட்ட விதி இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

7. முதலில் தொலைபேசி, பிறகு பயணம்

கேட்க வேண்டியவை இவை: தடுப்பூசி நாள் மாறியிருக்கிறதா? இடம் மாறியிருக்கிறதா? முன்பதிவு வேண்டுமா? எனக்கு வேண்டிய ஊசிகள் அன்று இருப்பில் இருக்குமா? காய்ச்சல் நோயாளிகள் வராத நேரம் எது? ஒரே நாளில் எத்தனை ஊசி போட முடியும்?

இருப்பைப் பற்றிய கேள்வியை மட்டும் விடவே விடாதீர்கள். போக்குவரத்து முடங்கும்போது முதலில் தட்டுப்பாடாவது ஊசி இருப்புதான். ஒரு குப்பியைத் திறந்தால் பத்துக் குழந்தைக்குப் போடும் வகை ஊசியென்றால், அந்தக் குழந்தைகளை எல்லாம் ஒரே நாளில் வரவழைக்க நினைப்பார்கள். நீங்கள் தனியாக வேறொரு நாளில் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரலாம்.

மருந்தை நீங்களே வாங்கி வீட்டில் வைத்து, தெரிந்தவரை வரவழைத்துப் போட்டுக்கொள்ளும் யோசனை வேண்டாம். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை. உறைநிலைப் பெட்டிக்கு அருகில் வைத்து உறைந்துபோனால் முத்தடுப்பு ஊசி கெட்டுவிடும். பார்த்தால் தெரியாது. போதாக்குறைக்கு, கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து வீட்டில் இருக்காது.

8. போகும் நாள்

குழந்தையோடு ஒருவர் மட்டும் போங்கள். அந்த ஒருவர் வீட்டில் ஆரோக்கியமானவராகவும், குழந்தையின் மருத்துவ விவரம் தெரிந்தவராகவும் இருக்கட்டும். தாத்தா பாட்டியை அனுப்புவது இந்த நேரத்தில் வேண்டாம். தொடை எளிதாகத் தெரியும் உடையைப் போட்டு அனுப்பினால் அறைக்குள் இருக்கும் நேரமே பாதியாகும். இரண்டு வயதுக்குக் கீழ் முகக்கவசம் போடாதீர்கள். மூச்சடைத்தால் அதைத் தானாகக் கழற்ற அந்த வயதுக்குத் தெரியாது.

ஊசி போட்டபின் 15 முதல் 30 நிமிடம் இருக்கச் சொல்வார்கள். கூட்டத்துக்குப் பயந்து நழுவிவிடுபவர்கள் நிறைய. கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். உள்ளே உட்காரத் தயக்கம் என்றால், நர்ஸின் கண்ணில் படும்படி வாசலில், காற்றோட்டமான இடத்தில் நிற்க அனுமதி கேளுங்கள்.

எழுந்து வரும் முன் இரண்டு விஷயங்கள் அட்டையில் ஏறியிருக்க வேண்டும்: இன்று போட்டவை, அடுத்த தேதி. அங்கேயே மறுபடி படம் எடுத்துவிடுங்கள்.

9. காய்ச்சல் வந்தால்: ஊசியா, தொற்றா?

சாதாரணக் காலத்தில் இந்தக் கேள்வி எழாது. பெருந்தொற்றில் இதுதான் வீட்டையே கலங்கடிக்கும். நாள் கணக்குதான் முதல் துப்பு.

முத்தடுப்பு அடங்கிய ஊசிகளால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் முதல் நாளே தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் அடங்கும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் உடனே வராது. சுமார் ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும், லேசான தடிப்பும் இருக்கலாம். ஊசி போட்டதையே மறந்திருக்கும் வேளையில் வருவதால் பலர் தொற்று என்று பயந்துவிடுகிறார்கள். தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்தால் இந்தப் பயம் பாதி குறையும்.

தொடர்ந்த இருமல், மூச்சு வாங்குவது, வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல், இரண்டு நாளுக்குப் பிறகும் இறங்காத சூடு, இவை இருந்தால் ஊசியின் மேல் பழிபோட்டுவிட்டு இருக்காதீர்கள். பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே மருத்துவரை அழைக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, துவண்டு கிடப்பது, முகம் வீங்குவது எதுவானாலும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

பாராசிட்டமாலைக் குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு அடர்த்தியில் வருகின்றன. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் அளவு பல மடங்காகும். மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய, காய்ச்சல் வரும் முன்பே கொடுத்து வைக்க வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

10. பெரியவர்களின் பட்டியலையும் எழுதுங்கள்

குழந்தைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் தங்கள் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் போடும் கக்குவான் தடுப்பூசி தாய்க்காக மட்டும் போடப்படுவதில்லை. அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியே போய், ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகி முதல் ஊசி போடும்வரை பிள்ளையைக் காக்கும். பரிசோதனைகள் தொலைபேசிக்கு மாறும்போது இந்த ஊசி எளிதாக விட்டுப்போகிறது. முதியவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் இன்ஃபுளுயன்சா, நிமோகாக்கல் ஊசிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சுவாச நோய்கள் தாக்கினால் தாங்குவது கடினம்.

இரண்டு ஊசிகளுக்கு மட்டும் எந்த ஊரடங்கும் பொருந்தாது. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். அழுக்கான காயம் பட்டு, கடைசி ரண ஜன்னி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதற்கும் அன்றே. தொற்றுக்குப் பயந்து "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றவர்களிடம் நான் குரலை உயர்த்தியது இந்த இரண்டுக்கு மட்டுமே.

11. அடுத்த தேதிக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள்

அடுத்த தவணைக்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வைத்து, மையத்தை அழைத்து உறுதி செய்யுங்கள். தேதியில் ஊரடங்கு வந்தால் போகக்கூடிய இன்னொரு மையத்தின் எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது இடத்துக்குப் போனால், அங்கே போட்டதைப் பழைய அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். புது அட்டை தந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாமல் இரண்டையும் சேர்த்துத் தைத்து வையுங்கள்.